கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

சிங்கப்பூரில் பக்கவாத நோயாளிகளைக் கவனிக்கும் பிரிவுகளில் தமிழ் பேசுகிற தாதியருக்கு எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத ஒரு வேலை உண்டு. நோயாளியைப் பார்க்க வந்த தம்பி ஒருவர் தயங்கியபடி பக்கத்தில் வந்து நிற்பார். "அக்கா, ஊர்ல அப்பாவுக்குக் கை கால் இழுத்துக்கிச்சாம். அம்மா லைன்ல இருக்காங்க. என்ன செய்யச் சொல்லட்டும்?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக எழுதப்படுகிறது.

'இழுத்துக்கிச்சு' என்ற சொல்லிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. வலிப்பு வந்து வெட்டி வெட்டி இழுத்தாலும் அதே சொல்தான், ஒரு பக்கம் செயலிழந்து துவண்டாலும் அதே சொல்தான். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. அதனால் சொல்லை விட்டுவிட்டு உடம்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? கண்ணை மூடி இரு கைகளையும் நீட்டச் சொன்னால் ஒரு கை தானாகக் கீழே இறங்குகிறதா? பேரனின் பெயரைச் சொல்லச் சொன்னால் நாக்கு குழறுகிறதா? இதில் ஒன்று திடீரென்று வந்திருந்தாலே போதும், பக்கவாதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் வண்டி வருவதற்குள் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கலாம். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் இதே போல வாய் குழறும், கை தளரும்.

அடுத்த கேள்வியைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்போம்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? பெரும்பாலும் வரும் பதில், "காலையில எழுந்தப்ப பார்த்தோம்" என்பது. அது கண்டுபிடித்த நேரம். நமக்கு வேண்டியது அதற்கு முந்தைய நேரம். இரவு பத்து மணிக்குப் படுக்கப் போகையில் நன்றாகப் பேசியவர் காலை ஆறுக்குக் கோணிய வாயோடு எழுந்தால் கணக்கு இரவு பத்திலிருந்து ஓடுகிறது. நடுவில் கழிப்பறைக்கு எழுந்து நடந்ததை யாராவது பார்த்திருந்தால் அந்த நேரம் தங்கம். இன்னொரு பிசகும் நடக்கும். சிங்கப்பூர் நேரம் ஊர் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. "ஒன்பது மணிக்கு ஃபோன்ல நல்லாத்தான் பேசினார்" என்று மகன் இங்கிருந்து சொல்வதை ஊரில் அப்படியே எழுதிக்கொண்டால் கணக்கு தவறிவிடும். ஊர் நேரத்தில் அது ஆறரை.

நிமிடக் கணக்குக்கு இத்தனை மதிப்பு ஏன் என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் கட்டியைக் குழாய் வழியாக உருவி எடுக்கும் சிகிச்சையும் உண்டு. அதற்குப் பொதுவாக ஆறு மணி நேரம், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை. நேரம் கடந்து எழுந்தவர்களுக்கும் எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி போடும் வழி இருக்கிறது, ஆனால் அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை.

ஊசியின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் என்ற மருந்தென்றால் கிலோவுக்கு 0.9 மி.கி., எவ்வளவு எடையாக இருந்தாலும் 90 மி.கி.க்கு மேல் இல்லை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 54 மி.கி. வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கான 5.4 மி.கி. முதல் ஒரு நிமிடத்தில் போகும், மீதி 48.6 மி.கி. ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஏறும். எனவே அப்பாவின் எடை ஏறத்தாழ எவ்வளவு என்று வீட்டில் தெரிந்திருந்தால் நல்லது. ரத்த அழுத்தம் 185/110க்குக் கீழே வந்தால்தான் ஊசி போட முடியும், போட்ட பின் 24 மணி நேரம் 180/105ஐத் தாண்ட விடக்கூடாது. மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து இருக்கிறது. இந்த ஊசிக்கு வழி திறந்த 1995ஆம் ஆண்டு ஆய்விலேயே நூற்றில் ஆறு பேருக்கு அப்படி ஆனது. மருத்துவர் கையெழுத்துக் கேட்கும்போது குடும்பத்தார் தயங்குவது நியாயம்தான். ஆனால் முடிவெடுக்கிற பெரியப்பா திருச்சியிலிருந்து வந்து சேரட்டும் என்று காத்திருந்தால், ஊசிக்கான நேரம் போய்விடுகிறது.

சிங்கப்பூரில் 995 என்ற ஆம்புலன்ஸ் எண்ணை அழைத்தால், வண்டி மருத்துவமனைக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே தகவல் போயிருக்கும். ஊரில் 108 இருக்கிறது. வண்டி ஏறுமுன் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: எந்த மருத்துவமனை? முதலில் பக்கத்து நர்சிங் ஹோம், அங்கே ஒரு குளுக்கோஸ் பாட்டில், பிறகு "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்ற சீட்டு. இந்தச் சுற்றில் இரண்டு மணி நேரம் தொலைகிறது. இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கிற, கட்டி கரைக்கும் ஊசி வைத்திருக்கிற இடம் 40 கி.மீ. தள்ளியிருந்தாலும் நேரே அங்கே போவதுதான் சரி. அந்த இடம் எது என்று நோய் வருமுன்பே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டிவைக்கலாம்.

வழியில் செய்யக் கூடாதவை சில. காபி, சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் தசை தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாக முடியும். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, ஏனெனில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா என்பது ஸ்கேன் இல்லாமல் யாருக்கும் தெரியாது. பிரஷர் ஏறியிருக்கிறதென்று நாக்குக்கடியில் மாத்திரை வைப்பதும் கெடுதல். அடைபட்ட பகுதிக்குக் கொஞ்சமாவது ரத்தம் போவது அந்த அழுத்தத்தால்தான். புறா ரத்தம் தேய்க்க அழைத்துப்போகும் வழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதில் ஆள்களைத் திட்டி ஒன்றும் ஆகாது. "தேய்க்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம் அத்தை, முதல்ல ஸ்கேன்" என்று சொன்னால் கேட்கிறார்கள்.

இங்கே சிங்கப்பூரில் தொழிலாளர் தங்குவிடுதிகளிலும் நேரம் வீணாகத்தான் செய்கிறது. கை மரத்தவர் வெயில் என்று நினைத்து நிழலில் உட்காருகிறார். சூப்பர்வைசர் வரட்டும், கம்பெனி வண்டி வரட்டும் என்று கூட இருப்பவர்கள் காத்திருக்கிறார்கள். பில்லை நினைத்தும் பயம். 995 வண்டிக்கு உண்மையான அவசரமென்றால் கட்டணம் இல்லை. வேலை அனுமதி அட்டைக்காரருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தாக வேண்டும்; 2023 ஜூலை முதல் எடுத்த, புதுப்பித்த காப்புறுதிகளில் அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). இதைக் கேட்டதும் பலருக்கு முகம் தெளிவதைப் பார்க்கலாம். இன்னொன்று, அரை மணியில் தானாகச் சரியாகிவிட்டால் யாரும் மருத்துவமனைக்கு வருவதில்லை. அந்தச் சிறு பக்கவாதத்துக்குப் பின் வரும் முதல் இரண்டு நாள்தான் பெரிய ஆபத்து.

இவ்வளவுக்கும் முன்னால் நிற்பது ரத்த அழுத்தம். பக்கவாதத்தின் காரணங்களைப் பல நாடுகளில் தேடிய இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குப் பொறுப்பு என்றது. அவற்றில் முதலிடம் இதற்கு. புகை, சர்க்கரை, மது, உப்பு எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை. தெரிந்தும் தவறுவது மாத்திரையில். ஊரிலிருந்து கொண்டுவந்தது மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். இங்கே அதே மருந்து வேறு பெயரில் இருக்கும், கேட்கத் தெரியாது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, அதனால் நோயும் இல்லை என்று விட்டுவிடுவார்கள். 170/110 எந்த அறிகுறியும் காட்டாமல் வருடக்கணக்கில் இருக்கும். மாத்திரை அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை, அம்லோடிபின் 5 மி.கி., டெல்மிசார்டன் 40 மி.கி. என்பது போல, ஃபோனில் படமெடுத்து வைத்தால் எந்த நாட்டிலும் மருத்துவரிடம் காட்டிக் கேட்க முடியும்.

ஊரில் இருக்கும் அப்பாவுக்கு இங்கிருந்தே ஒன்று செய்யலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வந்த மாத்திரை வயிற்றுக்குப் போனதா என்பதுதான் கேள்வி. "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டால் "போட்டேன்யா" என்றுதான் சொல்வார். வீடியோ காலில் அட்டையைக் காட்டச் சொல்லி எண்ணுங்கள். பத்து நாளில் ஏழு குழிதான் காலி என்றால் மூன்று நாள் தவறியிருக்கிறது.

நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. சிறுவயதில் முடக்குக் காய்ச்சலால் (ருமாட்டிக் ஃபீவர்) இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, முப்பது வயதிலேயே ரத்தக்கட்டி மூளைக்குப் போகக்கூடும். இவர்கள் ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்து, உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை அளவை 2க்கும் 3க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும். மற்றது பிள்ளை பெற்றவள். பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பதால் ரத்தம் கெட்டியாகி மூளையின் சிரைகளில் உறையும் ஆபத்து கூடுகிறது. பிரசவமான சில வாரங்களில் விடாத தலைவலியோ வலிப்போ வந்தால் அதைப் பேய் பிசாசு என்று விடக்கூடாது.

பிழைத்து வீட்டுக்குப் போனவரின் பாரம் மருமகள் தலையிலோ மனைவி தலையிலோ விழுகிறது. குடும்பத்தாருக்கே பயிற்சி கற்றுக்கொடுத்தால் போதுமா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ அது வேறுபாடு எதையும் தரவில்லை. "நீ சரியாப் பயிற்சி குடுக்கல, அதான் அவர் எழுந்திரிக்கல" என்று வீட்டுப் பெண்ணைக் குற்றம் சொல்வது எத்தனை அநியாயம் என்பது அதைப் படித்தால் புரியும். வீட்டில் உறுதியாகச் செய்யக்கூடியது, புதிய கெடுதல் வராமல் தடுப்பது. இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பது. தூக்கும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காமலிருப்பது. இழுத்தால் தோள் மூட்டு இறங்கிவிடும். சட்டை போடும்போது தளர்ந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். உணர்ச்சியில்லாத பக்கத்தில் சுடுநீர் ஒத்தடம் வேண்டாம். வெந்து கொப்பளித்தாலும் அவருக்குத் தெரியாது.

சாப்பாட்டில்தான் ஊருக்குப் போனதும் தடுமாறுகிறார்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு இங்கே தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு கொடுத்து அனுப்புகிறோம், அங்கே அது தீர்ந்துவிடும். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் எந்த அளவு கெட்டி என்று எண்ணில் எழுதிக்கொடுத்திருப்பார். அந்த எண்ணைக் கேழ்வரகுக் கஞ்சியில் சோதிக்க 10 மி.லி. சிரிஞ்ச் போதும், அதில் சுழியிலிருந்து 10 வரையான கோடு 61.5 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 வரை கஞ்சியை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து நொடி விட்டு மறுபடி அடைக்கவும். 1இலிருந்து 4 மி.லி. மிச்சமிருந்தால் முதல் நிலை, 4இலிருந்து 8 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மிச்சமிருந்து கொஞ்சமாவது வழிந்திருந்தால் மூன்றாம் நிலை. ஊட்டும் சூட்டிலேயே சோதிக்க வேண்டும், ஆறினால் கஞ்சி கெட்டிப்படும். எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்பப் பாத்திரத்துக்குள் விட்டால் நீர்த்துப் போகும், அதனால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சமாக எடுத்து ஊட்டுவது நல்லது. ஊட்டி முடித்ததும் தளர்ந்த பக்கத்துக் கன்னத்துக்குள் மிச்சம் தங்கியிருக்கிறதா என்று பார்த்து, வாயைச் சுத்தம் செய்து, அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார வைத்த பிறகே படுக்க வைக்க வேண்டும்.