கத்திரி வெயிலில் நிற்கிற ஓவர்கிளாக்

என் கம்ப்யூட்டரின் இன்டெல் சிப் ஐ5 2500கே. கம்பெனி வைத்த வேகத்தை மீறி ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்; அப்படி அது இப்போது 4.2 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. இதைச் சொன்னால் விஷயம் தெரிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். "அந்தச் சிப் கண்ணை மூடிக்கிட்டு 4.5 போகுமே!" போகும். என்னுடையதும் போனது, மார்கழியில். நான் இருப்பது வேலூர். இங்கே மே மாதம் என்று ஒன்று இருக்கிறது.

அது 2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் வரிசை. நான்கு கோர், அதாவது ஒரே சிப்புக்குள் கணக்குப் போடும் நான்கு பகுதிகள். இன்டெல் கணக்கில் 3.3 ஜிகாஹெர்ட்ஸ், நான்கு கோரும் சேர்ந்து உழைத்தால் டர்போவில், அதாவது தானாக ஏறும் வேகத்தில், 3.4. பெயரில் 'கே' இருப்பதால் மல்டிபிளையருக்கு, அதாவது அடிப்படைக் கிளாக்கை இத்தனை மடங்கு என்று பெருக்கும் எண்ணுக்கு, பூட்டு கிடையாது. அந்தக் காலத்து இன்டெல் சிப் செலரான் 300ஏ-வில் பஸ் வேகத்தை (அதன் அடிப்படைக் கிளாக்கை) 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடும். சாண்டி பிரிட்ஜிடம் அந்த வித்தை செல்லாது. கார்டுகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ், டிஸ்க்கை இணைக்கும் சாட்டா எல்லாமே அந்த 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்கைத்தான் நம்பியிருக்கின்றன. அதைக் கொஞ்சம் தள்ளினாலே டிஸ்க் தகராறு செய்யும். ஆக மல்டிபிளையர் ஒன்றுதான் வழி. 42 என்று போட்டால் 100-இன் 42 மடங்கு, 4.2 ஜிகாஹெர்ட்ஸ். அதற்கும் பி67, இசட்68 மாதிரி மதர்போர்டு வேண்டும். 2500கே-வை, மல்டிபிளையரை ஏற்ற விடாத எச்61 போர்டில் மாட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய 'கே' அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது.

எனக்கு இது விளையாட்டுக்கு இல்லை. கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். முகூர்த்த நாட்கள் வந்துவிட்டால் ரெண்டர், அதாவது வெட்டி ஒட்டியதை முழு வீடியோவாக்கும் வேலை, ராத்திரி பகலாக ஓடும். "புதுசு வாங்கிடுங்க மாமா, இதப் போய் நோண்டிக்கிட்டு" என்பான் அக்கா மகன். அவன் சம்பாதிக்க ஆரம்பிக்கட்டும், பேசிக்கொள்ளலாம்.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். சிப்பின் மேல் மாட்டுகிற கூலர் எவ்வளவு பெரிதானாலும் சிப்பை அறைக் காற்றை விடக் குளிர வைக்க முடியாது. அறையை விட இத்தனை டிகிரி மேலே நிறுத்துவதுதான் அதனால் ஆகும். முழுச் சுமையில் அந்த இடைவெளி 50 டிகிரி என்று வையுங்கள். 20 டிகிரி அறையில் சிப் 70-ல் நிற்கும். பார்ப்பவருக்கு அது சொகுசு. என் மொட்டை மாடி அறையில் கத்திரியின்போது பிற்பகல் மூன்று மணிக்கு 38. அதே கூலர், அதே செட்டிங், சிப் 88. 98-ஐத் தொட்டால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போதாததற்கு, சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்களில் கசியும் மின்சாரமும் கூடும்; அதுவும் சூடாகத்தான் மாறும். ஓவர்கிளாக்கைக் காட்டி வெளிநாட்டுக்காரர்கள் போடும் ஸ்கிரீன்ஷாட்டில் வோல்டேஜ் இருக்கும், சிப்பின் வெப்பநிலை இருக்கும், அறை வெப்பம் மட்டும் இருக்காது. அது இல்லாத எண்ணை நான் மதிப்பதில்லை.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜோடு ஏறுவது அதன் வர்க்கத்தில். என் சிப் சாதாரணமாக 1.2 வோல்ட்டில் 3.4 ஓடும். 4.2-க்கு 1.25 போதும். 4.5-க்கு 1.35 கேட்கிறது. போட்டுப் பார்த்தால், 4.2-ல் மின்சாரம் சுமார் 34 சதவீதம் கூடுகிறது, 4.5-ல் 67 சதவீதம். பதிலுக்கு என்ன கிடைக்கிறது? 3.4-ல் ஒரு மணி நேரம் எடுக்கும் ரெண்டர், சிப்பை மட்டும் நம்பிய வேலையாக இருந்தால், 4.2-ல் ஏறக்குறைய 49 நிமிடம், 4.5-ல் 45. கடைசி 4 நிமிடத்துக்காக அத்தனை சூட்டையும் அறைக்குள் கொட்டி, அதே அறையில் நானும் பனியனோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டாம் சாமி.

செட்டிங்கில் கை வைக்கும் முன் கேபினெட்டைத் திறந்து தூசியை ஊதி எடுத்தேன். சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது; அதைச் சுரண்டிப் புதிதாகத் தடவினேன். பழைய மெஷினுக்கு இதுவே பாதி வைத்தியம். கூடவந்த குட்டிக் கூலரைக் கழற்றிவிட்டு நான்கு ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) உள்ள 120 மில்லிமீட்டர் கூலர் மாட்டினேன். இந்தத் தலைமுறையில் சிப்புக்கும் மேல்மூடிக்கும் நடுவே, சூட்டை நன்றாகக் கடத்தும் உலோகப் பற்றான சால்டர் இருக்கிறது. 2012-ல் வந்த அடுத்த தலைமுறையான ஐவி பிரிட்ஜில் அதை எடுத்துவிட்டு வெறும் பேஸ்ட்டை வைத்தார்கள். அந்த வகையில் கிழவன்தான் மேல்.

வோல்டேஜை நிலையாக வைக்காமல் ஆஃப்செட் முறையில் வைத்தேன். வேலை இல்லாதபோது சிப் 1.6 ஜிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும்போது வோல்டேஜும் கூடவே இறங்கும். இன்னொன்று லோட்லைன். தெருவில் எல்லோரும் மோட்டார் போட்டதும் ட்யூப் லைட் மங்குமே, அதேபோல் சுமை ஏறியதும் சிப்புக்குப் போகும் வோல்டேஜ் கொஞ்சம் தாழும். அதை ஈடுகட்ட பயாஸில் (போர்டின் செட்டிங் திரையில்) வசதி உண்டு. உச்சத்தில் வைத்தால் சுமை விலகும் நொடியில் வோல்டேஜ் எகிறும். நடுவில் வைத்தேன்.

சிப்பை முழுச் சுமையில் வாட்டிச் சோதிக்கும் பிரைம்95-ஐப் பலர் ராத்திரி ஓடவிட்டு, காலையில் சிக்கல் இல்லை என்று சந்தோஷப்படுகிறார்கள். ராத்திரி எதற்கு? பிற்பகலில், ஏசி இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். முடிந்ததும் விண்டோஸின் பதிவேடான இவென்ட் வியூவரையும் பார்க்க வேண்டும். மெஷின் படுத்து நீலத் திரை வராமலே, 'திருத்தப்பட்ட ஹார்டுவேர் பிழை' என்று அங்கே வரிசையாக விழுந்திருக்கும். வோல்டேஜ் பற்றவில்லை என்று அர்த்தம். 4.4-ல் எனக்கு அப்படித்தான் வந்தது. திரையில் ஒரு குறையும் இல்லை, ரெண்டரும் முடிந்திருந்தது. அடுத்தவர் வீட்டுத் தாலி கட்டும் காட்சியை அந்த மாதிரி மெஷினில் நம்பி வைக்க முடியுமா?

ஓவர்கிளாக்கால் ஆகாத காரியங்களும் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டபோது கிடைத்த வேகத்தின் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. வீடியோ மாதிரி வேலைகளை வேகப்படுத்தும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இந்தச் சிப்பில் இல்லை, எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் ஏற்றினாலும் வராது. விண்டோஸ் 11 ஏற்கும் சிப்களின் பட்டியலிலும் இடமில்லை. இப்போது கேமராக்காரர்கள் 4கே வீடியோவை, எச்.265 என்கிற இறுக்கிச் சுருக்கிய வடிவத்தில் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். அதை டைம்லைனில் இழுத்தால் மெஷின் மூச்சு வாங்குகிறது. ராத்திரியே பிராக்ஸி (வெட்டுவதற்கு இலகுவான நகல்) போட்டு வைத்துவிட்டு மறுநாள் வெட்டுகிறேன்.

இதே சாக்கெட்டில் இதே வரிசையின் 2600கே உட்காரும். நான்கு கோர்தான், ஆனால் ஒரு கோர் இரண்டு வேலைகளைச் சேர்த்து எடுக்கும் ஹைப்பர் த்ரெடிங்கால் எட்டு த்ரெட். ரெண்டருக்கு அது உதவும். பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பார்த்தால், இது பழசு என்பது விற்கிறவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. விலை படிந்தால் வாங்குவேன். அதற்கும் முதல் சோதனை மே மாதத்தில்தான்.