தடுமாறிய இடம்

பி.எட். மாணவர்களின் பாடத்திட்ட நோட்டுகள் இன்று மேசையில் குவிந்திருந்தன. கடைசிப் பக்கத்தில் எல்லாரும் ஒரே மாதிரி: "கற்றல் நோக்கம் நிறைவேறியது."

ஒரு நோட்டில் மட்டும், பென்சிலில்:

"1/2 + 1/3 = 2/5 என்று பாதி வகுப்பு எழுதியது. விதியைத் திருப்பிச் சொன்னேன். ஏன் அப்படி என்று ஒரு பையன் கேட்டான். எனக்கே விளங்கவில்லை. நானும் மனப்பாடம்தான்."

இதற்கு எத்தனை மார்க் போடுவது?

2015லிருந்து பி.எட். இரண்டு வருடம். அதில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. அத்தனை வாரமும் பயிற்சி தரும் நாம் பார்ப்பது சார்ட் இருக்கிறதா, கரும்பலகைக் கையெழுத்து நேராக இருக்கிறதா என்றுதான். அப்புறம் பிள்ளைகள் "நிறைவேறியது" என்று எழுதாமல் வேறென்ன எழுதுவார்கள்?

இனி தடுமாறிய இடத்தை எழுதினால்தான் மார்க் என்று சொல்லியிருக்கிறேன். (அதையும் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள், தெரியும்.)