எஸ்.கே.எம். செய்முறைத் தேர்வு: கம்பிரஷன் டெஸ்ட்டில் நான் கோட்டை விட்ட இடம்

எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) மூன்றாம் நிலையில் வாகனப் பிரிவு எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கம்பிரஷன் டெஸ்ட் என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று மீட்டரில் பார்ப்பது. வகுப்பில் இரண்டு முறை பார்த்துவிட்டால் கை பழகிவிட்டது என்று நினைப்போம். எனக்கும் அந்த நினைப்புதான். பயிற்சி மதிப்பீட்டில் மூன்று சிலிண்டருக்கு 120 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வாக்கில், ஒன்றுக்கு 95 என்று எழுதிவிட்டு, ‘பிஸ்டன் ரிங் எல்லாம் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்’ என்று தீர்ப்பும் எழுதினேன். ஆசிரியர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “திராட்டில்?” அவ்வளவுதான் கேட்டார்.

திராட்டில் என்பது எஞ்சினுக்குள் காற்று போகும் வழியைத் திறக்கும் மடல். அதைத் திறக்கும் ஆக்ஸிலரேட்டரை நான் மிதிக்கவே இல்லை. காற்று போகும் வழியை மூடிவைத்துவிட்டு, காற்றை அழுத்தவில்லையே என்று எஞ்சின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியே கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுப் போர்ச்சில் அப்பாவின் பழைய புரோட்டோன் ஈஸ்வரா காரை எடுத்து வைத்தேன். எஞ்சினைச் சூடாக்கி, இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன வயரைப் பிடுங்கி, நாலு பிளக்கையும் கழற்றினேன். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு அளந்தால் ஸ்டார்ட்டருக்குச் சுமை கூடிச் சுற்று குறையும், கணக்கு தப்பும். பேட்டரி சோர்ந்திருந்தாலும் அதே கதைதான். தம்பியை உட்காரவைத்து முழுசாக மிதிக்கச் சொன்னேன். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் துளையிலும் மீட்டரை மாட்டி, ஸ்டார்ட்டரால் ஐந்தாறு அடி (பிஸ்டன் காற்றை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஓர் அடி), முள் ஏறுவது நிற்கும்வரை. வந்த கணக்கு: 165, 168, 130, 166.

முள் எங்கே நின்றது என்பதோடு முதல் அடியில் எவ்வளவு ஏறியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அடியில் குறைவாக வந்து, அப்புறம் மெல்ல மெல்ல ஏறினால் ரிங் மேல் சந்தேகம். என் மூன்றாவது சிலிண்டர் முதலிலும் ஏறவில்லை, கடைசியிலும் எட்டவில்லை. ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலைப் பிளக் துளையில் விட்டு மறுபடி அடித்தேன். 133. ரிங்காக இருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து முள் நன்றாக ஏறியிருக்கும். ஆக, வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு). பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு சேர்ந்து குறைந்திருந்தால் கேஸ்கட்டை முதலில் நினைத்திருப்பேன்.

இதற்கு மேல் மீட்டர் பேசாது, லீக் டெஸ்ட்தான். அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை, காற்றை அழுத்தி மேலேறும் ஓட்டத்தின் உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வ் எல்லாம் மூடியிருக்கும்போது பிளக் துளை வழியாக 100 பிஎஸ்ஐ காற்றைவிட வேண்டும். லீக் கருவியில் இரண்டு மீட்டர் இருக்கும்: முதலாவது விடும் காற்றை, இரண்டாவது சிலிண்டரில் நிற்கும் காற்றைக் காட்டும். இரண்டாவது மீட்டர் 90 காட்டினால் கசிவு 10 சதவீதம். புது எஞ்சினிலும் கொஞ்சம் கசியும், பயப்படாதீர்கள். 20-ஐத் தாண்டினால்தான் தேட வேண்டும்.

உச்சியை ஒரு மயிரிழை தவறினாலும் காற்று பிஸ்டனைக் கீழே தள்ளி எஞ்சினையே சுற்றிவிடும். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியபடியே நான் காற்றைத் திறந்தேன். ஸ்பேனர் சுழன்று என் மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் போய் மோதியது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு மாமா, ஒரு காலத்தில் லாரி மெக்கானிக், “டேய் தம்பி, முதல்ல ஸ்பேனரைக் கழட்டு, அப்புறம் காத்தைத் தொற” என்றார். இதைத் தேர்விலும் பார்ப்பார்கள்.

இரண்டாம் முறை மீட்டர் 68-இல் நின்றது. 32 சதவீதம் எங்கே போகிறது? அரை மீட்டர் ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு போனேன். கார்புரேட்டர் வாயில் சத்தமில்லை. இன்டேக் வால்வ் சரி. ஆயில் மூடியைத் திறந்தால் லேசான மூச்சு மட்டும், ரிங் பரவாயில்லை. ரேடியேட்டரில் குமிழி இல்லை, கேஸ்கட் தப்பியது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூடு ஆறாமல் தொடாதீர்கள். கடைசியாகப் புகைக்குழாய்ப் பக்கம் குனிந்தேன். ‘உஸ்ஸ்ஸ்’ என்று குக்கர் விசில் வருவதற்கு முந்தைய சத்தம். எக்ஸாஸ்ட் வால்வ்!

அடுத்த சிலிண்டருக்குக் கிராங்க்கை அரைச் சுற்று சுற்றினால் போதும், ஆனால் சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையில் போக வேண்டும். என் நண்பன் 1, 2, 3, 4 என்று போய், திறந்துகிடந்த வால்வில் காற்றைவிட்டு 100 சதவீதக் கசிவு எழுதினான்.

இன்னொன்று, தாள் மலாயில் இருக்கும். பட்டறையில் நாள் முழுக்க வால்வ், பிஸ்டன், கம்பிரஷன் என்று பேசிவிட்டு, தாளில் இன்ஜாப், ஓம்போ, மம்பாத்தான் என்று பார்த்ததும் நான் ஒரு நிமிடம் விழித்தேன். முந்தைய வாரமே சொல்லிப் பழகுங்கள்.

உண்மையான மதிப்பீட்டில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: “எல்லாச் சிலிண்டரும் ஒரே அளவாகக் குறைந்தால்?” முதலில் திராட்டிலையும் பேட்டரியையும் பார்ப்பேன், பிறகு வால்வுகள் திறக்கும் நேரத்தை நிர்ணயிக்கும் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், ரிங்கைக் கடைசியில்தான் சொல்வேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அப்பாவின் கார் ஹெட்டைத்தான் இன்னும் இறக்கவில்லை. தீபாவளி கழியட்டும் என்கிறார்.