அளந்த அரிசியில் ஒரு பிடி

தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம் எங்கள் ஊரில் ஆச்சி சோறு பொங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். வீட்டில் இன்றைக்கு எத்தனை பேர் என்று எண்ணுவாள். உழக்கால் அரிசியை அளந்து சொளவில் கொட்டுவாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுக்களை மூலையில் இருந்த சின்னப் பானையில் போடுவாள். கைப்பிடி அரிசி. பானை நிறைந்ததும் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகும்; அங்கே விற்று, அந்தக் காசு மிஷனெரி ஊழியத்துக்கு.

"மூட்டையில இருந்து எடுத்தா என்ன ஆச்சி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மூட்டையில எடுத்தா யாருக்குளா கொறையும்?"

யாருக்குக் குறைந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவள் ஆச்சிதான். பானையைச் சுரண்டிப் போட்டு, கஞ்சித்தண்ணியை ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள்.

1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் பணம் என்றுதான் தொடங்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதில் முன்னால் நின்றவர். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரைக்கும் போன அந்த ஊழியத்துக்குப் பின்னால் ஆச்சி மாதிரி எத்தனை பேருடைய அரைவயிறு இருந்ததோ. மிசோரத்திலும் 1910 முதல் இதே வழக்கம் உண்டு. அங்கே சபைகளுக்கு இன்றும் அரிசியிலேயே கோடிக்கணக்கில் சேர்கிறது.

நான் சென்னைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. சபைக்குக் கொடுக்கும் தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, மாதம் 1ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். போனதே தெரியாது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் தவக்கால நாட்களில் கறி, மீன் எடுக்க மாட்டோம். மிச்சமாகும் காசு காணிக்கை உறையில் போக வேண்டும். போன வருஷம் கணக்குப் பார்த்தேன். பன்னீர், காளான் என்று கறிக்கு ஆகும் செலவைவிட அதிகமாகச் செலவு செய்திருந்தோம். உறையில் என்ன போட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. (கோயிலில் ட்யூப்லைட் கொடுத்தவர் பெயரை வெளிச்சமே மறையும் அளவுக்கு எழுதி வைத்திருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறவள்தான் நான்.)

உண்மையிலேயே எனக்குக் குறைந்த மாதிரி கொடுத்தது ஒரே ஒரு தடவைதான். வீட்டு வேலைக்கு வரும் பெண் தன் மகளை நர்சிங் சேர்க்க 12,000 ரூபாய் கேட்டார். வாஷிங் மெஷின் வாங்க அதே அளவு பணம் சேர்த்து வைத்திருந்தேன். பழைய மெஷினில் துணி சுற்றும், பிழியாது. இரண்டு நாள் யோசித்துக் கொடுத்தேன். "திருப்பித் தர வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி பைபிளில் சாறிபாத் விதவையின் கதையை வாசித்தேன். ஒரு பிடி மாவை வைத்துக்கொண்டு, முதலில் எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்தவள். கிட்டத்தட்ட நானும் அவளும் ஒன்று என்ற நினைப்பில் தூங்கினேன்.

அடுத்த மாதம் அவர் கையில் புது போன்.

யார் வாங்கிக் கொடுத்தது, தவணையா, எதுவும் எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனால் என் முகம் கேட்டுவிட்டது. இரண்டு நாள் காபி கொடுக்கும்போது டம்ளரை 'டக்'கென்று வைத்தேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் போர்வைகளைக் கையால் பிழிந்தேன். பிழியும்போதெல்லாம் மணிக்கட்டு வலியோடு அந்தப் போனும் ஞாபகத்துக்கு வரும். பணம் கையை விட்டுப் போய்விட்டது, கணக்கு நோட்டு மட்டும் மடியிலேயே இருந்தது. மாவைக் கொடுத்தவள், எலியா அடையை மிச்சம் வைத்தாரா என்று எட்டிப் பார்த்ததாக எழுதியில்லை.

ஆச்சி அந்த அரிசி எங்கே போனது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தோர்ணக்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

இந்த லெந்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வைத்தேன். குக்கருக்கு அளந்த அரிசியிலிருந்து தினம் ஒரு பிடி. முதல் வாரம் என்னையறியாமலே ஒரு பிடி சேர்த்து அளந்திருக்கிறேன், கை எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். அப்புறம் சரியாக அளந்தேன். ஒரு ராத்திரி சோறு போதாமல் இவர், "என்ன, இன்னைக்குக் கொஞ்சமா வச்சுட்டியா?" என்றார். எனக்கு மிஞ்சியது ஒரு கரண்டி.

எங்கள் சபையில் கைப்பிடி அரிசி வாங்கும் வழக்கம் இல்லை. பாட்டில் நிறைந்ததும் அதை அந்தப் பெண்ணிடமே நீட்டினேன். மூடியைத் திறந்து, கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வண்டு விழுந்துடுச்சாக்கா?"

"இல்லம்மா. நல்ல அரிசிதான்."

இன்னொரு தடவை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தார்.