ஒப்பந்தச் சட்டத்தில் 76 முதல் 123 வரையான பிரிவுகள் எங்கே?

மதுரை கீழமாசி வீதியில் மூட்டைக் கணக்கில் சரக்கு கைமாறும் பேரத்துக்கு 1872 ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினால், 75-க்கு அடுத்து 124தான் இருக்கும். சரக்கு விற்பனைப் பிரிவுகள் 1930-இல் தனிச் சட்டமாயின; கூட்டு வியாபாரத்துக்கான 239–266, 1932 கூட்டு வியாபாரச் சட்டத்துக்குப் போயின. மிச்ச எண்களைத் தொடவில்லை. நல்லவேளை, தொட்டிருந்தால் பழைய தீர்ப்பெல்லாம் குழம்பியிருக்கும்.

சட்டம் ரத்தானால் பழைய பாக்கி போச்சா? போகாது. மத்தியச் சட்டங்களுக்குப் பொது விதி சொல்லும் 1897 ஜெனரல் கிளாசஸ் சட்டம், பிரிவு 6: புதுச் சட்டம் வேறு மாதிரி சொன்னாலொழிய, ஏற்கெனவே உண்டான உரிமை, கடன், நடக்கும் வழக்கு எல்லாம் அப்படியே நிற்கும். அதனால் புதுச் சட்டம் கையில் வந்தால், எது ரத்து, எது மிச்சம் என்று சொல்லும் பிரிவை முதலில் பாருங்கள். பெரும்பாலும் கடைசியில் கிடக்கும்.

அமலாகும் தேதியும் முக்கியம். 1932 சட்டம் 1.10.1932-இல் வந்தது, பதிவில்லாத கூட்டு நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்கு வெளியாள்மேல் வழக்குப் போட முடியாது என்கிற பிரிவு 69 மட்டும் ஒரு வருஷம் தள்ளி, 1.10.1933-இல்.