எனியாகிராம்: எண்ணுக்கு முன்னால் நோக்கம்

எனியாகிராம் என்பது மனிதர்களை ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட ஆளுமை வகைகளாகப் பார்க்கும் முறை. கிரேக்க மொழியில் ‘எனியா’ என்றால் ஒன்பது. வட்டத்தின் மேல் ஒன்பது புள்ளிகளை வைத்துக் கோடுகளால் இணைத்த அந்த வடிவத்தை ஆன்மிக ஆசிரியர் குர்ஜீஃப் தம் மாணவர்களுக்குக் கற்பித்தார். அதில் ஒன்பது ஆளுமை வகைகளைப் பொருத்தியவர் ஆஸ்கர் இச்சாசோ, 1970களில் உளவியல் நோக்கில் அதை விரித்தவர் கிளாடியோ நரான்ஹோ.

தொடங்குபவர்கள் பெரும்பாலும் இணையத் தேர்வில் கிடைத்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஒழுங்கு பிடிக்கும் என்பதால் நானும் என்னை, எதிலும் குறையின்மையை நாடும் முதலாம் வகை என்றே நம்பியிருந்தேன். ஆனால் எனியாகிராம் கேட்பது என்ன செய்கிறோம் என்பதை அல்ல, எதற்காகச் செய்கிறோம் என்பதை. ஒருநாள் தோழியின் கட்டுரையை இரவு இரண்டு மணி வரை திருத்தி அனுப்பிவிட்டு, நன்றி வந்திருக்கிறதா என்று கைப்பேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பதில் வராதபோது எழுந்த கோபம்தான் நான், பிறருக்கு உதவ முந்தும் இரண்டாம் வகை என்பதைக் காட்டிக்கொடுத்தது. பிறருக்கு நாம் தேவைப்பட்டால்தான் நமக்கு அன்பு கிடைக்கும் என்ற அச்சம் அந்த வகையின் அடியில் இருக்கிறது.

ஆகவே விளக்கங்களைப் படிக்கும்போது, பெருமைப்படுத்தும் வரிகளைவிட உறுத்தும் வரிகளைக் கவனியுங்கள். எரிச்சல் வந்த தருணங்களைச் சில வாரங்கள் குறித்துவையுங்கள். எனியாகிராமுக்கு வலுவான அறிவியல் சான்று இல்லை என்பதால், பிறர்மேல் எண்களை ஒட்டுவது நியாயமாகாது. உதவப் புறப்படும் முன், யாராவது கேட்டார்களா என்று இப்போது என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.