'நெப்ராஸ்கா'வும் நான்கு டிராக் ரெக்கார்டரும்

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா' ஆல்பத்தைக் கல்லூரி நாட்களில் ஒருமுறை கேட்டு ஒதுக்கிவிட்டேன். 'பார்ன் டு ரன்' பாடியவரிடமிருந்து இப்படியொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. டிரம்ஸ் இல்லை, சாக்ஸபோன் இல்லை. ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன், பின்னால் ஓயாத டேப் இரைச்சல். இதே பாடல்களை அவர் 1982இல் தன் குழுவோடு ஸ்டுடியோவில் பதிவு செய்து பார்த்துக் கைவிட்டிருந்தார். அந்தப் பதிவுகள் 2025இல் வெளிவந்தபோது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். குழுவோடு பாடிய 'அட்லாண்டிக் சிட்டி' நன்றாகவே இருந்தது. தனியாகப் பாடியது என்னைத் தூங்கவிடவில்லை. காரணம் புரிய வேண்டுமென்றால் அவர் செய்தபடியே நானும் செய்து பார்க்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அவர் செய்தது இதுதான். 1982 ஜனவரித் தொடக்கம், நியூ ஜெர்சியின் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் ஒரு வாடகை வீடு, அதன் படுக்கையறை. டியாக் போர்ட்டாஸ்டுடியோ 144 என்னும் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் (நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியலாம்), ஷூர் எஸ்எம்57 மைக் இரண்டு. பாட்டையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் இரண்டு டிராக்கில் பதிவு செய்வார். மிச்சம் இருக்கும் இரண்டில் இன்னொரு குரலோ, இன்னொரு கிட்டாரோ, தம்பூரினோ சேரும். அதையெல்லாம் எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி வழியாக ஒரு பானசோனிக் டேப் ரெக்கார்டரில் இறக்கினார். குழுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கத்தான் அந்த கேசட். உறைகூட இல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் திரிந்தார். கடைசியில் அதுவே ஆல்பமாக வெளிவந்தது.

எனக்குக் கிடைத்தது அதே வகையில் பிற்கால இயந்திரம் ஒன்று; பழையது. திறந்து பார்த்தால் உள்ளே ரப்பர் பெல்ட் தார்போல உருகிச் சக்கரத்தில் அப்பியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டி எடுக்க இரண்டு மாலை ஆயிற்று. புது பெல்ட் போட்டு, டேப்பில் ஒலியைப் பதியும் ஹெட்டைத் துடைத்து, கேசட்டைச் செருகினேன். சாதாரண கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டிராக். இந்த இயந்திரம் நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்கிறது, வேகமும் இரட்டிப்பு. ஆக, அறுபது நிமிட கேசட்டில் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். அந்தக் கணக்கு தெரிந்ததும் கை தானாகவே சிக்கனமாகிவிட்டது. பாட்டை முழுதாக மனப்பாடம் செய்யாமல் சிவப்புப் பொத்தானை அழுத்தத் தோன்றவில்லை.

இரண்டாம் வாரம் ஆல்பத்திலுள்ள 'ஜானி 99' பாட்டை எடுத்தேன். நியூ ஜெர்சியின் மாவா என்ற ஊரில் கார் தொழிற்சாலையை மூடிவிடுகிறார்கள். வேலை போனவன் குடித்துவிட்டு ஒருவனைச் சுடுகிறான். நீதிபதி 99 ஆண்டு சிறை விதிக்கிறார். மாவாவில் இருந்த ஃபோர்டு ஆலை உண்மையாகவே 1980இல் மூடப்பட்டது. ஒன்பது முறை பாடிப் பதிவு செய்தேன். இரைச்சல் அப்படியே வந்தது. அந்தத் தனிமை மட்டும் வரவில்லை. எக்கோவைக் கூட்டினேன், இன்னும் மோசம். மலிவான கருவியும் டேப் இரைச்சலும்தான் அந்த ஆல்பத்தின் உயிர் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது தவறு.

இயந்திரத்தை மூடிவைத்துவிட்டு 'நெப்ராஸ்கா' வெளிவந்த 1982இன் மற்ற ஹார்ட்லேண்ட் ராக் பாடல்களை, அதாவது அமெரிக்காவின் சாதாரண உழைப்பாளிகளைப் பாடும் ராக் பாடல்களைக் கேட்டேன். இண்டியானாக்காரரான ஜான் மெல்லன்கேம்பின் 'அமெரிக்கன் ஃபூல்' 1982 இலையுதிர் காலத்தில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அதிலுள்ள 'ஜாக் அண்ட் டயான்' பாட்டின் கைதட்டல், தாளம் தப்பாமலிருக்கப் போட்டுக்கொண்டது. எடுத்துவிட்டால் பாட்டு நிற்கவில்லை என்று அப்படியே விட்டார்கள். டாம் பெட்டியின் 'யூ காட் லக்கி'யில் சிந்தசைசர் முன்னுக்கு வந்துவிட்டது. பாப் சீகர் டெட்ராய்ட் கார் தொழிலாளர்களைப் பாடினார். எல்லாமே நான் விரும்பும் பாடல்கள். ஆனால் அவை ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பாடப்பட்டவை. அந்த நவம்பரில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதம். 'நெப்ராஸ்கா'வில் வருகிறவனுக்குப் பின்னால் எந்தக் கூட்டமும் இல்லை.

நான்காம் வாரம் பத்துப் பாடல்களையும் நோட்டில் கையால் எழுதினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: 'சார்'. தலைப்புப் பாடலில், 1958இல் நெப்ராஸ்கா மாநிலத்தை நடுங்கவைத்த கொலைகாரன் சார்ல்ஸ் ஸ்டார்க்வெதரின் குரலில், 'சார்' வருகிறது. 'மேன்ஷன் ஆன் த ஹில்' பாட்டில் சிறுவயது நினைவைச் சொல்லும்போதும் வருகிறது. கடைசிப் பாட்டிலும் வருகிறது. இன்னொன்றில் கார் ஓட்டுகிறவன் போலீஸ்காரரிடம் மன்றாடுகிறான். ஜானி, நீதிபதியிடம் பேசுகிறான். இவர்கள் எல்லோரும் தங்களைவிட மேலே இருக்கும் யாரோ ஒருவர் முன்னால் நின்று கணக்கு ஒப்புவிக்கிறார்கள். பெரிய மனிதர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு "ஐயா" என்று தொடங்குகிறவரின் குரல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? அந்தக் குரல் உயராது.

மறுநாள் இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போட்டேன். பிளெக்ட்ரமை வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் மீட்டினேன். கம்பியின் கூர்மை போய், மரப்பெட்டியின் முனகல் மேலே வந்தது. மைக்கை நான்கு விரற்கடை தூரத்துக்கு இழுத்துக்கொண்டேன். மெல்லப் பாடினால் மைக் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டினால் அறையும் உள்ளே வந்துவிடுகிறது. மூச்சு, சட்டை உரசல், அடுத்த அறையின் மின்விசிறி எல்லாம் பதிந்தன. இரைச்சல் முன்பைவிட அதிகம். ஆனால் 'மேன்ஷன் ஆன் த ஹில்' மூன்றாவது முறையிலேயே அமைந்தது. திரும்பக் கேட்டபோது என் குரல் எனக்கே அந்நியமாக, ஏதோ வாக்குமூலம் கொடுப்பதுபோல இருந்தது. அழிக்கவில்லை.

இது ஆறாம் வாரம். 'ஹைவே பேட்ரோல்மேன்' எடுத்திருக்கிறேன். குற்றம் செய்த தம்பியைத் துரத்திப் போகும் காவலர், கனடா எல்லைக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, அவன் காரின் பின்விளக்கு மறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த ஆல்பத்தில் எனக்கு மிக நெருக்கமான பாட்டு இதுதான். இதில் பேசுகிறவரே சீருடைக்காரர். யாருக்கும் கீழே நின்று பேசவில்லை. காலி நாற்காலி இந்தப் பாட்டுக்கு உதவவில்லை. நேற்று அதை எடுத்து என் பக்கத்தில் போட்டுப் பாடிப் பார்த்தேன். முதல் சரணம் மட்டும் சரியாக வந்திருக்கிறது. கேசட்டில் இன்னும் நான்கு நிமிடம் மிச்சம் இருக்கிறது.